பட்டிப் படலைத் திறக்கும் முன்
பள்ளிப்பட்டு வட்டத்து ஆட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்த வயதிலும் கோல் ஊன்றிக்கொண்டு மந்தைக்குப் பின்னால் நடக்கும் பெரியவர்களே,

சித்திரை பாதி ஓடிவிட்டது. ஏரி உள்வாயெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. உங்கள் ஆடுகள் வேலங்காயையும் சருகையும் பொறுக்கித் தின்று நாளைத் தள்ளுகின்றன. மறிகளின் முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டுகிறது. நகரி மலைப் பக்கம் சாயங்காலம் கருக்கட்டுவதை இரண்டு நாளாகப் பார்க்கிறேன். இன்றோ அடுத்த வாரமோ ஒரு கோடை மழை கொட்டும். அதற்குப் பத்தாம் நாள் தரிசெல்லாம் பச்சை கட்டும். நான்கு மாதமாகப் பசியோடு இருந்த ஆடு அந்தப் பச்சையைப் பார்த்ததும் நம் சொல் கேட்காது. நமக்கும் அதைத் தடுக்க மனசு வராது. அந்தப் பச்சையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாது. "ஊசிக்காரர்" என்றால் தெரியும். கால்நடை மருந்தகங்களில் ஆய்வாளராக 34 வருஷம் இருந்தேன். அதில் பெரும்பகுதி பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில்தான். சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் வருவதைப் பார்த்து ஓடி ஒளிந்த பிள்ளைகளெல்லாம் இன்று கம்பெனி பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் விட்டுப்போன ஆட்டை அம்மாவும் தாத்தாவும் மேய்க்கிறார்கள். என் அப்பாவும் செம்மறி வைத்திருந்தவர்தான். நெற்றியில் வெள்ளைத் திட்டும் உடம்பெல்லாம் செம்பட்டை நிறமுமாக நிற்கும் நம் சென்னைச் சிவப்பு ஆட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வீட்டு வாசல் ஞாபகம் வரும்.

ஒரு ஆனி மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றோரக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மாவிடம் 38 ஆடுகள் இருந்தன. கணவர் இல்லை. ஆடி மாதக் கூழ்வார்த்தலுக்கு வியாபாரி வருவார் என்று ஒன்பது கிடாக்குட்டிகளைத் தனியாகப் பார்த்துப் பார்த்து வளர்த்து வைத்திருந்தார். வைகாசியில் அவர் என்னிடம் வந்து, "தம்பி, துள்ளுமாரி ஊசி எப்ப போடுவீங்க?" என்று கேட்டார். கையில் மருந்து இல்லை. "வரட்டும்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றேன். அடுத்த வாரம் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். மருந்து வந்தது, ஆனால் அவர் ஊர் என் பட்டியலில் கடைசியில் இருந்தது. நடுவில் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டது.

வேர்க்கடலை பிடுங்கிய கொல்லை ஒன்று பச்சை கட்டியிருந்ததாம். கொடி உதிர்ந்து, தப்பிய கடலை முளைத்து, நடுவில் அறுகும் கோரையும் கணுக்கால் உயரம் நின்றிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு மந்தையை அதில் இறக்கியிருக்கிறார். சாயங்காலம் வயிறு புடைக்கத் திரும்பி வந்த குட்டிகளைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். விடிந்து பார்த்தால் பட்டிக்குள் இரண்டு குட்டிகள் கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு விறைத்துக் கிடந்தன. மூன்றாவது குட்டி அவர் கண் முன்னாலேயே நின்ற இடத்திலிருந்து ஒரு துள்ளு துள்ளி விழுந்து, காலை நீந்துவது போல உதைத்து, வாயில் நுரை தள்ளி அடங்கியது. இரண்டு நாளில் ஏழு போயிற்று. ஒன்பதிலும் மெலிந்தவை இரண்டுதான் மிஞ்சின.

"நேத்து சாயங்காலம் துள்ளிக்கிட்டு இருந்துச்சு தம்பி. ஊர்க்கண்ணு பட்டுடுச்சு" என்றார்.

நான் மருத்துவரை அழைத்து வந்தேன். அவர் ரத்தக் கசிவு ஏதும் இல்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகு ஒரு குட்டியைத் திறந்தார். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். இதயத்தைச் சுற்றிய பையில் வைக்கோல் ஊறிய நிறத்தில் தண்ணீர் கோத்திருந்தது. சிறுநீரகத்தை என் உள்ளங்கையில் வைத்தார். நல்ல ஆட்டின் சிறுநீரகம் மாங்கொட்டை போலக் கெட்டியாக இருக்க வேண்டும். அது பிசைந்த களிமண் மாதிரி விரலுக்குள் இறங்கியது. ஏழு குட்டிகளுக்கும் குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன். "அடுத்த வாரம்" என்று நான் சொன்னதை அந்த அம்மா ஒரு தடவைகூட எடுத்துச் சொல்லவில்லை.

துள்ளி விழுந்து சாவதால் தமிழில் இதைத் துள்ளுமாரி என்கிறோம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்திலும், நம் வட்டத்தில் தெலுங்கு பேசும் வீடுகளிலும், சிடுக்கு ரோகம் என்பார்கள். சொடக்குப் போடும் நேரத்தில் ஆடு போய்விடும் என்பது அதன் பொருள். வெள்ளைக்கார நாடுகளில் கூழ்ச் சிறுநீரக நோய் என்று ஒரு பெயரும், அளவுக்கு மீறித் தின்ற நோய் என்று இன்னொரு பெயரும் உண்டு. உலகம் பூராவும் ஆட்டுக்காரர்கள் ஒரே காட்சியைத்தான் பார்த்திருக்கிறார்கள்: திடீர்ப் பசுமை, நிறைந்த வயிறு, மந்தையிலேயே கொழுத்த குட்டி, விடிந்தால் பிணம்.

கொழுத்த குட்டி ஏன் முதலில் போகிறது என்று கேட்பீர்கள். கண்ணேறு என்று நினைக்க வைப்பதும் அதுதான். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜன்ஸ் என்ற கிருமியின் டி வகை, நோயில்லாத ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். வெளியிலிருந்து வந்து தொற்ற வேண்டியதில்லை. ஆடு அளவாகத் தின்று அசைபோடும்வரை குடல் ஓட்டத்தில் அது அடித்துக்கொண்டு போய்விடும். மாவும் சர்க்கரையும் நிறைந்த இளந்தீனி ஒரே நாளில் வயிறு கொள்ளாமல் இறங்கும்போதுதான் வினை. முதல் வயிற்றில் செரிக்காதது அப்படியே சிறுகுடலுக்கு வழிகிறது. அங்கே கிருமிக்கு விருந்து. சில மணி நேரத்தில் பெருகி, எப்சிலான் என்ற நச்சைக் கக்குகிறது. அந்த நச்சு ரத்தக் குழாயின் சுவரைக் கசிய வைத்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. அதிகம் தின்பது யார்? நன்றாகப் பால் குடித்த, நன்றாக மேய்கிற, முட்டி மோதி முதலில் ஓடுகிற குட்டி. நோஞ்சான் குட்டி ஓரமாக நின்று இரண்டு வாய் கடித்துவிட்டு வந்துவிடும், அதனால் பிழைத்துவிடும். கண்ணேறு பட்டதாக நீங்கள் நினைத்த குட்டி, உண்மையில் வயிறார மேய்ந்த குட்டி. வெள்ளாட்டுக்கும் இதே நோய்தான். அதற்கு ரத்தம் கலந்த கழிச்சலாகி ஓரிரு நாள் இழுக்கும்.

இது ஆட்டுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் குதிரைக்குக் காய்ந்த புல்லைத்தான் போடுவார்கள். பங்குனி சித்திரை வாக்கில் பனி போய்ப் புல் தளிர்க்கும். அந்தத் தளிர்ப் புல்லில் சர்க்கரை மிக அதிகம். அதை இஷ்டத்துக்கு மேய்ந்த குதிரைக்கு உடம்பில் இன்சுலின் எகிறி, குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிரிந்துவிடும். குளம்பு அழற்சி என்பார்கள். காலைத் தரையில் வைக்க முடியாமல் குதிரை பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். நல்ல பச்சைப் புல்வெளியில் நின்றுகொண்டே நொண்டியாகிப்போன குதிரைகள் அங்கே ஏராளம். அதனால் அங்குள்ள குதிரைக்காரர்கள் வசந்தத்தில் மேய்ச்சலை மணிக்கணக்குப் பார்த்துத்தான் விடுவார்கள். முதல் நாள் கால் மணி நேரம், அப்புறம் அரை மணி என்று ஏற்றுவார்கள். புல்லில் சர்க்கரை குறைவாக இருக்கும் விடியற்காலையில் மேயவிட்டு, வெயில் ஏறும்போது கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்கும் அடங்காத குதிரைக்கு, போரடிக்கும் மாட்டுக்கு நம் தாத்தாக்கள் கட்டினார்களே, அதே வாய்க்கூடையைக் கட்டிவிடுவார்கள். கூடையின் சின்ன ஓட்டை வழியாக நுனிப்புல் மட்டும்தான் வாய்க்கு எட்டும். ஒரு குதிரையை அவ்வளவு பத்திரமாகப் பார்க்கிறார்கள். நம் முப்பது ஆடும் நமக்குக் குதிரைக்குக் குறைந்ததா?

முப்பது ஆட்டுக்கும் வாய்க்கூடை கட்ட முடியாது. வேறு வழி இருக்கிறது.

மழை பெய்து பச்சை கட்டிய பிறகு முதல் இரண்டு வாரம் ஆட்டை வெறும் வயிற்றோடு படலுக்கு வெளியே விடாதீர்கள். விடிந்ததும் காய்ந்த தீனி ஏதாவது பட்டியிலேயே போடுங்கள். வேர்க்கடலைக் கொடி, கேழ்வரகுத் தாள், வைக்கோல், எது கிடைக்கிறதோ அது. அரை வயிறு நிறைந்த பிறகு பழைய காய்ந்த மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். பச்சைக்கு முதல் நாள் அரை மணி நேரம் போதும். மறுநாள் ஒரு மணி. அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டின் முதல் வயிற்றில் தீனியைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. சருகுக்குப் பழகியவை இளம்புல்லுக்கு மாற ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நாம் கொடுக்க வேண்டியது அந்த அவகாசம்தான். இரண்டு வாரம் தாண்டிவிட்டால் அதே புல்லை வயிறார மேய்ந்தாலும் ஆடு தாங்கும்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது அறுத்த கொல்லையில். நெல் அறுத்த கழனியில் சிந்திய மணி, பிடுங்கிய கொல்லையில் தப்பிய கடலை, இவை புல்லைவிடப் பலமடங்கு வீரியம். "சும்மா கிடக்குதே, மேஞ்சிட்டுப் போகட்டும்" என்று கொல்லைக்காரர் அன்போடுதான் கூப்பிடுவார். போங்கள். பசியோடு மட்டும் போகாதீர்கள். அரை மணிக்கு மேல் நிற்காதீர்கள்.

முன்பெல்லாம் ஊருக்கு ஊர் மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. மந்தை நடந்துகொண்டே மேயும். இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி. ஒரே இடத்தில் வயிறு நிறையாது. இப்போது புறம்போக்கில் பாதி பிளாட்டு, மீதி முள்ளுக்காடு. மேய்க்கிறவருக்கும் முழங்கால் வலி, வெகுதூரம் நடக்க முடியாது. அதனால் பச்சை தெரிந்த ஒரே கொல்லையில் மந்தையை நிறுத்திவிடுகிறோம். என் சின்ன வயதில் கேள்விப்பட்டதைவிட வேலையில் இருந்தபோது துள்ளுமாரிச் சாவை நான் அதிகம் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

மேய்ச்சலை எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் ஒரு நாள் அசந்துவிடுவோம். அதற்குத்தான் ஊசி.

துள்ளுமாரித் தடுப்பூசி நமக்குத் தூரத்திலிருந்து வருவதில்லை. ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் அதைத் தயாரிக்கிறார்கள். சோளிங்கர் வழியாக பஸ் ஏறினால் நமக்குப் பக்கம்தான். அவ்வளவு கிட்டத்தில் தயாராகிற மருந்து நம் பட்டிக்கு நேரத்தில் வராமல் போவதற்குக் காரணம் தூரம் இல்லை, கணக்கு. மருந்தகத்திலிருந்து இன்டென்ட் போடும்போது ஊரில் எத்தனை ஆடு என்று எழுதித்தான் கேட்க வேண்டும். நீங்கள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறீர்கள். ஆட்டை எண்ணிச் சொன்னால் குறைந்துபோகும் என்ற பயம் எனக்குத் தெரியும். என் அம்மாவும் எண்ண விடமாட்டார். நூறு ஆடு இருக்கும் ஊரிலிருந்து அறுபது என்று கணக்குப் போனால் அறுபதுக்குத்தான் மருந்து வரும். மீதி நாற்பது எந்த வீட்டு ஆடு என்பதை மழை முடிவு செய்யும். கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள். வரி போட யாரும் வரமாட்டார்கள். வாய்விட்டுச் சொல்ல மனசு வராவிட்டால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

ஊசி போட்ட அன்றே பலன் வராது. உடம்பில் எதிர்ப்பு சக்தி ஊற இரண்டு வாரம் ஆகும். முதல்முறை போடும் குட்டிக்கு, இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு ஊசியும் போட்டால்தான் அது நிலைக்கும். ஆகவே மழைக்கு முன்பே, சித்திரை வைகாசியிலேயே முடித்துவிட வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழை மட்டும் இல்லை, ஆடி ஆவணியிலும் மழை உண்டு. சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போய்ச் சேரும். "சினை கலைஞ்சிடும்" என்று மறியை ஒளித்து வைக்கும் அக்காமார்கள் நிறையப் பேர். கலைவது மருந்தால் இல்லை. காலைப் பிடித்து இழுத்து, கீழே தள்ளி, ஆட்டின் மேல் உட்கார்ந்து ஊசி போட்டால் கலையும். நின்றபடியே அணைத்துப் பிடித்துப் போட வேண்டும். அவசரப்பட்டு இழுக்கிற ஆளை நீங்களே தடுத்து நிறுத்துங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி வரலாம், ஒரு நாள் சோர்ந்து நிற்கலாம். அது சரியாகிவிடும்.

மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும், 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள். உறைந்துபோனாலும் கெட்டுவிடும். ஊசி போட வருகிறவரிடம் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். கேட்டவர்கள்மேல் நான் ஒருநாளும் கோபித்ததில்லை. கேட்காத ஊரில்தான் எனக்கே கொஞ்சம் மெத்தனம் வந்தது.

இன்னொரு விஷயம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்த்துப் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தது. உறவும் மேய்ச்சலும் இன்னும் இரண்டு பக்கமும்தான். பங்குனி சித்திரையில் கிடை போட அந்தப் பக்கம் போகிற மந்தைகள் இங்கே ஊசி முகாம் நடக்கும்போது ஊரில் இருப்பதில்லை. அங்கே முகாம் நடக்கும்போது இங்கே திரும்பியிருக்கும். இரண்டு பக்கமும் ஊசி இல்லாத ஆடு அதுதான். கிடைக்குப் போகும் அண்ணன்மார்கள் கிளம்புவதற்கு முன்பே மருந்தகத்தில் சொல்லி, ஊசி போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சோளத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முடியாது. துள்ளுமாரியாவது ஓர் இரவு கொடுக்கும். சோளம் கால் மணி நேரம்தான் கொடுக்கும்.

பால்மாட்டுக்காகப் பலர் தீவனச் சோளம் போட்டிருக்கிறீர்கள். தண்ணீர் இல்லாமல் வாடி, முழங்கால் உயரத்தில் முடங்கி நிற்கிற சோளம் மழை பெய்ததும் குபுகுபுவெனத் துளிர்க்கும். அறுத்த கட்டையிலிருந்தும் மறுதாம்பு கிளம்பும். இந்த இளந்துளிரில் ஒரு பொருள் இருக்கிறது. ஆடோ மாடோ மென்றதும் அதிலிருந்து சயனைடு விஷம் பிரிந்துவிடும். அசைபோடும் பிராணியின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த விஷத்தை இன்னும் வேகமாகப் பிரித்துவிடும். அதனால் குதிரையைவிட நம் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் ஆபத்து அதிகம். மூச்சு இரைக்கும், தள்ளாடும், விழும். கண்ணின் உள்சவ்வும் ஈறும் வழக்கத்தைவிடப் பளிச்சென்று செக்கச்செவேலென இருக்கும். ரத்தத்தில் காற்று இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாத நிலை அது. சோடியம் தயோசல்பேட் போன்ற மருந்தை மருத்துவர் ரத்தக் குழாயில் ஏற்றினால் பிழைக்கும், ஆனால் ஆள் வந்து சேர நேரம் இருக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண்ணை ஒவ்வொருவரும் போனில் பதிந்து வையுங்கள். பாட்டியின் பட்டன் போனிலும் பதிந்து கொடுங்கள். மேய்ச்சலில் இருப்பவர் பாட்டிதான்.

பூ எடுத்த பிறகு அறுத்துப் போடும் சோளத்தில் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. நன்றாகக் காய வைத்த தட்டையிலும் விஷம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆபத்து இளந்துளிரிலும் வாடி மழை கண்ட பயிரிலும்தான். சோளக்கொல்லை வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்: வறட்சியில் கைவிட்ட சோளத்துக்கு நாலு முள்ளையாவது வெட்டிப் போட்டு அடையுங்கள். மேய்ந்த ஆடு செத்தால் பஞ்சாயத்தில் "என் கொல்லையில ஏன் விட்டே" என்று கேட்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்த ஆடு எதிர்வீட்டு அக்காவின் பெண் கல்யாணச் சேமிப்பாக இருக்கும்.

மழைக்குப் பிறகு விடியற்காலைப் பனியிலும் ஈரத்திலும் மேய்க்காதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னது முழுக்கச் சரி. புழுவின் குஞ்சுகள் அந்த நீர்ப்படலத்தில் நீந்தித்தான் புல்நுனிக்கு ஏறுகின்றன. வெயில் வந்து ஈரம் உலர்ந்தால் கீழே இறங்கிவிடும். வயிற்றில் இருந்துகொண்டு ரத்தம் உறிஞ்சும் புழு ஏறிய ஆட்டைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்துக் காகிதமாக இருந்தால், தாடைக்கடியில் நீர்ப்பை போலத் தொங்கினால், அன்றே மருந்தகத்துக்குப் போங்கள். ஊசிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசியும் நன்றாகப் பிடிக்கும்.

மழைநாளில் இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. இடி இடிக்கும்போது ஆட்டையும் உங்களையும் ஒற்றைப் பனைமரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ நிறுத்தாதீர்கள். எல்லைக்கு அப்பால் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நம் கொசஸ்தலையில் தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும், தரைப்பாலம் மூழ்கிப் பாதை அறுந்துபோகும். மழை மாதத்தில் ஆற்றுமணலில் கிடை வேண்டாம்.

செத்த ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இழப்பைக் கொஞ்சமாவது ஈடுகட்டலாம் என்று அறுத்து விற்கத் தோன்றும். வயிற்றெரிச்சலில் அப்படித்தான் தோன்றும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திடீர்ச் சாவெல்லாம் துள்ளுமாரி இல்லை. மூக்கிலோ ஆசனவாயிலோ கருத்த, உறையாத ரத்தம் கசிந்திருந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அந்தக் கிருமி வித்தாக மண்ணில் பல வருஷம் கிடந்து, மழைக்குப் பிறகு மேலே வரும். அறுத்தவர் கைப்புண் வழியாக மனிதருக்கும் ஏறும். அந்த ஆட்டைத் திறக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், ஓடையில் வீசாதீர்கள். மருத்துவர் வரும்வரை நாயும் காக்கையும் அண்டாமல் பார்த்துக்கொண்டு, அவர் சொல்கிறபடி ஆழக் குழியில் புதையுங்கள். முதல் ஆடு எதனால் செத்தது என்று தெரிந்தால்தான் மற்ற ஆடுகளைக் காப்பாற்ற முடியும். நான் சொன்ன அந்த அம்மா முதல் குட்டி செத்த அன்றே எனக்கு ஆள் அனுப்பியிருந்தால், மந்தையை அந்தக் கொல்லையிலிருந்து எடுத்து, காய்ந்த தீனியில் கட்டிப்போட்டிருப்போம். மூன்று நான்கு குட்டிகளாவது மிஞ்சியிருக்கும்.

இந்த வருஷம் ஒரு காரியம் செய்வோம். வைகாசி முதல் தேதிக்குள் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர், யாராவது ஒரு பிள்ளை ஷிஃப்ட் இல்லாத நாளில், வீட்டுக்கு வீடு ஆட்டுக் கணக்கை எழுதி மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். கிடைக்குப் போன மந்தையையும் சேர்த்து எழுதுங்கள். மருந்து வந்ததும் எந்த நாள், எந்த மரத்தடி என்று தண்டோரா போடாவிட்டாலும் வாட்ஸ்அப்பிலாவது போடட்டும். நான் ஓய்வு பெற்றவன், ஊசி போடும் அதிகாரம் இப்போது எனக்கு இல்லை. ஆடு பிடிக்க அதிகாரம் வேண்டியதில்லை. எந்த ஊரில் கூப்பிட்டாலும் வருகிறேன். சினை மறிகளை நானே அணைத்துப் பிடிக்கிறேன்.

அன்று காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவோம். பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் எல்லா வீட்டுக்கும் போட்டாக வேண்டும். நாங்கள் வந்து சேரும்வரை பட்டிப் படலைத் திறக்காமல் வைத்திருங்கள். தொட்டியில் தண்ணீரும் ஒரு கட்டு கடலைக்கொடியும் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊசிக்காரர்